லாஜிக் ஐ.சி. சர்க்யூட் சொன்னபடி கேட்கவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

கீயர் (மோர்ஸ் குறியின் புள்ளி, கோடுகளைத் தானே அடிக்கும் கருவி), அதிர்வெண் கவுண்டர், டிஜிட்டல் டயல், ரிலே சீக்வென்சர், ரிசீவருக்கான நான்கால் வகுக்கும் டிவைடர் என்று ஹாம்கள் (பொழுதுபோக்காக ரேடியோ நடத்தும் அமெச்சூர்கள்) தாங்களே கட்டிக்கொள்ளும் பலகைகள் பலவற்றில் நாலைந்து லாஜிக் ஐ.சி. இருக்கும். இவை பழுதாகி என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: "ஐ.சி. போயிடுச்சு, புதுசு போட்டும் பார்த்துட்டேன், அதுவும் போயிடுச்சு." இரண்டாவது ஐ.சி.யும் அதேபோல் நடந்துகொண்டால் பழுது ஐ.சி.யில் இல்லை. சப்ளையில், கிரவுண்டில், எங்கும் சேராமல் தொங்கும் இன்புட்டில், இல்லையென்றால் பொருந்தாத மின்னழுத்த நிலையில்தான் இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியிலும் ஐ.சி.யை மாற்றுவதைக் கடைசியாகவே வைத்திருக்கிறேன்.

தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஒரு லாஜிக் புரோப் (காலின் 'ஹை', 'லோ' நிலையைக் காட்டும் முனை), உங்கள் ரிசீவர். ஸ்கோப் இருந்தால் வேலை வேகமாகும், இல்லாவிட்டாலும் முக்கால்வாசிப் பழுதைப் பிடித்துவிடலாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

மீட்டரின் கறுப்பு முனையை ஐ.சி.யின் கிரவுண்ட் காலிலும் சிவப்பு முனையை அதன் வி.சி.சி. (சப்ளை பிளஸ்) காலிலும் வையுங்கள். சாக்கெட்டின் உலோகத்திலோ பலகையின் தடத்திலோ வைக்க வேண்டாம், ஐ.சி.யின் காலிலேயே வைக்க வேண்டும். சாக்கெட் பிடி தளர்ந்திருந்தால் தடத்தில் 5 வோல்ட் இருக்கும், காலில் இருக்காது.

ஐ.சி. எண்ணில் 74-க்குப் பின் வரும் எழுத்து அதன் குடும்பம். டி.டி.எல். வகையான எல்.எஸ். குடும்பத்துக்கு 4.75 முதல் 5.25 வோல்ட். மற்ற மூன்றும் சீமாஸ் வகை: எச்.சி.டி. குடும்பத்துக்கு 4.5 முதல் 5.5. எச்.சி. குடும்பத்துக்கு 2 முதல் 6. 4000 வரிசைக்கு 3 முதல் 15. படித்த அளவு இந்த எல்லைக்குள் இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம், சப்ளையைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, சர்க்யூட் ஓடும்போதே ஐ.சி.யின் கிரவுண்ட் காலுக்கும் சப்ளையின் மைனஸுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கிரவுண்ட் ஒயர் மெலிது, அல்லது எங்கோ சாலிடர் பிடிக்கவில்லை.

கால் எண்ணை டேட்டாஷீட்டில் பார்த்தே உறுதி செய்யுங்கள். 14 கால் ஐ.சி.யில் 7 கிரவுண்ட், 14 வி.சி.சி. என்றும், 16 காலில் 8-ம் 16-ம் என்றும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களைத்தான் 7490 மாட்டிவிடும். அதில் வி.சி.சி. 5-ஆம் கால், கிரவுண்ட் 10-ஆம் கால். 4049, 4050 இரண்டிலும் வி.சி.சி. 1-ஆம் கால். 7476-இல் வி.சி.சி. 5-ஆம் கால், கிரவுண்ட் 13-ஆம் கால்.

## அறிகுறி 1: எதுவுமே அசையவில்லை

சப்ளை சரியாக இருந்தும் அவுட்புட் ஒரே நிலையில் நிற்கிறது என்றால், முதலில் கட்டுப்பாட்டுக் கால்களைப் பாருங்கள். ரீசெட், பிரீசெட், கிளியர், எனேபிள் ஆகியவற்றில் ஒன்று தொங்கினாலும் ஐ.சி. ஒழுங்காகத்தான் "நிற்கும்".

7490 கவுண்டர் எப்போதும் 9 காட்டுகிறதா? 6, 7 ஆகிய கால்கள் கிரவுண்டில் இல்லை. எப்போதும் 0 காட்டுகிறதா? 2, 3 ஆகிய கால்கள் தொங்குகின்றன. டி.டி.எல். வகையில் எங்கும் சேராத இன்புட் தானாகவே 'ஹை' ஆகிவிடும் என்பதுதான் காரணம். 4017 அசையாவிட்டால் 13-ஆம் கால், 15-ஆம் கால் இரண்டும் கிரவுண்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 74எச்.சி.74 என்றால் 1, 4, 10, 13 ஆகிய நான்கும் வி.சி.சி.க்குப் போயிருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கால்கள் சரி என்றால் கிளாக் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சம அகலச் சதுர அலை ஓடும் காலில் டி.சி. மீட்டர் சப்ளையில் பாதியைக் காட்டும், அதாவது 5 வோல்ட் சர்க்யூட்டில் ஏறக்குறைய 2.5. ஆனால் நடுவில் சிக்கி நிற்கும் கெட்ட நிலையும் மீட்டரில் இப்படியே தெரியும். பிரித்தறிய உங்கள் ரிசீவர் போதும். ஆன்டெனா ஜாக்கில் ஒரு சாண் ஒயரைச் செருகி, அதன் உறை உரிக்காத நுனியை ஐ.சி. அருகில் வைத்து, கிளாக் அதிர்வெண்ணிலோ அதன் மடங்கிலோ தேடுங்கள். தெளிவான விசில் கேட்டால் கிளாக் ஓடுகிறது.

கிளாக் ஓடுகிறது, கட்டுப்பாட்டுக் கால்கள் சரி, அவுட்புட் மட்டும் அசையவில்லை என்றால் அந்த அவுட்புட்டில் சேர்ந்திருக்கும் எல்லாவற்றையும் விடுவித்துப் பாருங்கள். அடுத்த ஐ.சி.யின் இன்புட் உள்ளே ஷார்ட்டாகி இந்த அவுட்புட்டைக் கட்டிப்போடுவது உண்டு. அப்போது குற்றவாளி பக்கத்து ஐ.சி.

## அறிகுறி 2: கிளாக் ஆஸிலேட்டரே தொடங்கவில்லை

இன்வெர்ட்டரை வைத்துக் கட்டிய கிரிஸ்டல் ஆஸிலேட்டர் என்றால் மூன்று இடங்கள். இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா? கிரிஸ்டலின் இருபுறமும் உள்ள கெபாசிட்டர்கள் 22 முதல் 33 பைக்கோஃபாரட் எல்லைக்குள் இருக்கின்றனவா? ஐ.சி. 74எச்.சி.யு.04 தானா? வெறும் 74எச்.சி.04 உள்ளே மூன்று அடுக்கு கொண்டது. அது கிரிஸ்டலை விட்டுவிட்டு வேறு அதிர்வெண்ணில் தன் இஷ்டத்துக்கு ஓட வாய்ப்புண்டு.

அளக்கும் ஸ்கோப் புரோப்பே ஆஸிலேட்டரை நிறுத்தவும் செய்யும். 10 மடங்கு நிலையில் வைத்து, அடுத்த கேட்டின் அவுட்புட்டில் அளங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் கிரிஸ்டலை மாற்றிப் பாருங்கள். கீழே விழுந்த கிரிஸ்டல் வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே உடைந்திருக்கும்.

## அறிகுறி 3: ஐ.சி. தொட முடியாமல் சுடுகிறது

உடனே சப்ளையை நிறுத்துங்கள். லாஜிக் ஐ.சி. சாதாரணமாகக் குளிர்ந்தே இருக்கும், எல்.எஸ். வகை மட்டும் இதமான சூடு காட்டும்.

திருப்பிச் செருகியிருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அது பிழைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத்தான் செருகியிருக்கிறது என்றால், இரண்டு அவுட்புட்டுகள் ஒரே தடத்தில் மோதுகின்றனவா, கால்களுக்கு நடுவே சாலிடர் பாலம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பயன்படுத்தாத கேட்டுகள். சீமாஸ் ஐ.சி.யில் தொங்கும் இன்புட் நடுநிலையில் நின்றால் உள்ளேயிருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒருசேர மின்சாரம் கடத்தும், சூடு அதனால்தான். பயன்படாத எல்லா இன்புட்டையும் கிரவுண்டிலோ வி.சி.சி.யிலோ கட்டுங்கள். பயன்படாத அவுட்புட்டை அப்படியே விட வேண்டும், அதைக் கட்டக் கூடாது.

சப்ளையை நிறுத்தித் திரும்பப் போட்டால் சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு சட்டென்று சுடுகிறது என்றால் அது லாட்ச்-அப் (ஐ.சி.க்குள் சப்ளையும் கிரவுண்டும் ஷார்ட் போல ஆகிச் சிக்கிக்கொள்வது). இன்புட்டில் வி.சி.சி.யைவிட ஏறக்குறைய அரை வோல்ட்டுக்கு மேல் ஏறும்போது, அல்லது கிரவுண்டுக்குக் கீழே அதே அளவு இறங்கும்போது இது நிகழும். இப்பலகைக்கு மின்சாரம் இல்லாதபோது வேறொரு பெட்டியிலிருந்து சிக்னல் வந்துகொண்டிருப்பதும் அடிக்கடி பார்க்கும் காரணம். இன்புட்டில் 1 கிலோ ஓம் தொடரில் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சுடுவது லாஜிக் ஐ.சி. இல்லை, 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7805 என்றால் கணக்குப் போடுங்கள். 13.8 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கி 200 மில்லிஆம்பியர் எடுத்தால் 1.76 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாமல் முடியாது.

## அறிகுறி 4: கை அருகே போனால் எண் மாறுகிறது, தானாக ஓடுகிறது

தொங்கும் இன்புட்தான். கிட்டத்தட்ட வேறு காரணமே கிடையாது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து, ஒரு முனையைக் கிரவுண்டில் பிடித்து மறுமுனையால் ஒவ்வொரு இன்புட்டாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எங்கே தொட்டதும் ஆட்டம் நிற்கிறதோ அதுதான் இடம். ஆக்டிவ்-லோ ('லோ' ஆனால் செயல்படும்) இன்புட் என்றால் கிரவுண்டுக்குப் பதில் வி.சி.சி.யில் பிடியுங்கள். இந்தச் சோதனை சீமாஸ் ஐ.சி.க்களுக்கு. எல்.எஸ். இன்புட்டைக் கீழே இழுக்க 10 கிலோ போதாது, 1 கிலோ ஓம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரிலும் ஒரு துப்பு கிடைக்கும். தொங்கும் எல்.எஸ். இன்புட்டில் ஏறக்குறைய 1.4 வோல்ட் தெரியும். அந்த எண்ணைப் பார்த்தால் ஒயர் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: தனித்தனியாக ஓடும் இரண்டு பலகை, சேர்த்தால் ஓடவில்லை

இது மின்னழுத்த நிலை பொருந்தாமை. 5 வோல்ட்டில் ஓடும் எச்.சி. ஐ.சி. ஒரு இன்புட்டை 'ஹை' என்று ஏற்க 3.5 வோல்ட் வேண்டும். எல்.எஸ். அவுட்புட் உறுதியாகத் தருவது 2.7 வோல்ட்தான், வழக்கமாக 3.4 வரை வரும். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரும் அதே கதை. மேசையில் ஓடும், பெட்டிக்குள் வைத்து மூடியதும் மக்கர் பண்ணும். எல்லைக்கோட்டில் நிற்கும் சர்க்யூட் என்பதால்தான் இந்தக் குழப்பம்.

பெறும் ஐ.சி.யை அதே எண்ணுள்ள எச்.சி.டி. ஆக மாற்றினால் தீர்ந்தது. கால் அமைப்பு அதேதான், 2 வோல்ட்டையே 'ஹை' என்று ஏற்றுக்கொள்ளும். அனுப்புவது எல்.எஸ். என்றால் அவுட்புட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 2.2 முதல் 4.7 கிலோ ஓம் புல்-அப் (மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டாலும் போதும். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலரின் காலில் இந்தப் புல்-அப்பைப் போட்டுவிடாதீர்கள், அதன் உள்பாதுகாப்பு டயோடு வழியே மின்சாரம் ஓடும்.

எதிர்த்திசையில், 5 வோல்ட் அவுட்புட்டை 3.3 வோல்ட் இன்புட்டுக்குக் கொண்டுபோக 1.8 கிலோ, 3.3 கிலோ என்று இரண்டு ரெசிஸ்டர் டிவைடர் போதும். 12 வோல்ட்டில் ஓடும் 4000 வரிசையிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்க 4050 இருக்கிறது. அதன் இன்புட் வி.சி.சி.க்கு மேலே போனாலும் தாங்கும்.

## அறிகுறி 6: கவுண்டர் இரட்டிப்பாக எண்ணுகிறது, ஒரு அழுத்தத்துக்கு மூன்று தாவுகிறது

சுவிட்ச் அல்லது பேடில் (கீயரில் மோர்ஸ் அடிக்கும் கைநெம்பு) வழியே வரும் சிக்னலா? தொடர்பு அதிர்வு. உலோகம் தொட்ட பிறகும் சில மில்லிவினாடி துள்ளும். 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட், பின்னால் ஒரு 74எச்.சி.14 அல்லது 40106 (இரண்டும் ஷ்மிட் கேட், மெதுவான விளிம்பையும் ஒரே தடவை எண்ணும்). கெபாசிட்டரை மட்டும் போட்டு ஷ்மிட் கேட்டை விட்டுவிட்டால் நிலைமை மோசமாகும், ஏனென்றால் மெதுவாக ஏறும் விளிம்பை சாதாரண கேட் பலமுறை எண்ணும்.

ஆஸிலேட்டரிலிருந்து வரும் சிக்னலா? முன்னால் இருக்கும் பெருக்கி போதிய வீச்சு தருகிறதா பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தும் இரட்டிப்பாகிறதென்றால் ஒயரில் அலை முட்டித் திரும்புகிறது. அனுப்பும் முனையில் 33 முதல் 100 ஓம் தொடரில் போடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் டிகப்ளிங், அதாவது ஐ.சி.யின் சப்ளையை அருகிலேயே நிலைப்படுத்தும் கெபாசிட்டர். ஒவ்வொரு ஐ.சி.க்கும் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக், வி.சி.சி. காலுக்கும் கிரவுண்ட் காலுக்கும் நடுவே, கால் நீளத்தைக் குட்டையாக வெட்டி. பலகையின் மூலையில் ஒன்று போட்டிருக்கிறேன் என்பது கணக்கில் வராது. பலகையில் பழைய வகை 555 இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அது நிலை மாறும் கணத்தில் சப்ளையை ஒரு உலுக்கு உலுக்கும், பக்கத்து ஃபிளிப்-ஃபிளாப் அதை கிளாக் என்று எண்ணிக்கொள்ளும். 7555 போட்டால் தீர்ந்துவிடும்.

அதிர்வெண் கவுண்டரின் கடைசி இலக்கம் ஒன்று கூடிக் குறைவது பழுது இல்லை. எண் நிலையாக நின்று, உண்மையிலிருந்து ஒரே விகிதத்தில் விலகியிருந்தால் டைம்பேஸ் (கவுண்டருக்கு நேர அளவு தரும்) கிரிஸ்டலை டிரிம்மரில் திருத்துங்கள். பத்து லட்சத்தில் 10 பங்கு விலகல் 7 மெகாஹெர்ட்ஸில் 70 ஹெர்ட்ஸ் பிழை.

## அறிகுறி 7: குறைந்த அதிர்வெண்ணில் சரி, மேல் பேண்டில் இல்லை

ஐ.சி. குடும்பத்தின் வேகம் போதவில்லை. இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்பால் 90 டிகிரி இடைவெளியுள்ள இரண்டு சிக்னல் எடுக்கும் டிவைடருக்கு நான்கு மடங்கு கிளாக் வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 28.4, 14.2-க்கு 56.8. 74எச்.சி.74-ஐ 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப வேண்டாம், 74ஏ.சி.74 போடுங்கள். 4000 வரிசையோ 5 வோல்ட்டில் சில மெகாஹெர்ட்ஸிலேயே திணறும்.

## அறிகுறி 8: கேட்கும்போது சரி, அனுப்பும்போது பைத்தியம் பிடிக்கிறது

கீயர் டாஷ்களை நிறுத்தாமல் அடிக்கிறது, டயல் எண் தாவுகிறது, ரிலே படபடக்கிறது. ஹாம்களுக்கே உரிய தொல்லை இது. அனாவசியமாக அதிக ஐ.சி. மாற்றப்படுவதும் இதில்தான்.

ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) மாட்டி, அதே சக்தியில் அனுப்பிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையில் வழி இரண்டாகப் பிரிகிறது.

டம்மி லோடில் தொல்லை இல்லை என்றால்: ஆன்டெனாவிலிருந்து வரும் ஆர்.எஃப். (ரேடியோ அலை) உங்கள் அறைக்குள், ஒயர்களின் வழியே, பலகைக்குள் போகிறது. பேடில் ஒயரைக் கழற்றிவிட்டு அனுப்பிப் பாருங்கள். அடங்கினால் நுழைவாயில் அதுதான். பேடில் ஜாக்கிலேயே, பெட்டிச் சுவரிலேயே, ஒவ்வொரு கோட்டுக்கும் 1 நானோஃபாரட் செராமிக்கைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். ஐ.சி. இன்புட்டுக்கு முன் 1 கிலோ ஓம் தொடரில். புல்-அப் 100 கிலோ என்று இருந்தால் 10 கிலோ ஆக்குங்கள், அவ்வளவு உயர்ந்த மின்தடையில் கோடு தானே ஆன்டெனா ஆகிவிடும். பேடில் ஒயரை 31 அல்லது 43 கலவை ஃபெரைட் டொராய்டில் (வளையத்தில்) 5 முதல் 10 சுற்று சுற்றுங்கள். ஒயர் ஒருமுறை மட்டும் நுழைந்து போகும் கிளிப் வகை ஃபெரைட் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக எதுவும் செய்யாது. சோதித்துவிட்டுப் பலனில்லை என்று ஃபெரைட்டையே ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றோடு நிறுத்தியவர்கள்.

பேடில் கழற்றியும் அடங்கவில்லை என்றால் சப்ளை ஒயர், பிறகு ஹெட்ஃபோன் ஒயர் என்று ஒவ்வொன்றாக இதேபோல். எல்லாம் செய்தும் நிற்காவிட்டால் மூலத்துக்கே போக வேண்டும். ஃபீட்லைன் எனும் ஆன்டெனா கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் வருகிறது, ஆன்டெனா பிணைக்கும் இடத்தில் அதைத் தடுக்கும் காமன்-மோடு சோக் வேண்டும். பலகையில் எத்தனை கெபாசிட்டர் போட்டாலும் இதற்கு மாற்றாகாது.

டம்மி லோடிலும் தொல்லை இருக்கிறது என்றால்: சக்தியைக் கால்வாசியாக்குங்கள். அடங்குகிறதென்றால் சப்ளை சரிகிறதா என்று பாருங்கள். 7805-க்கு உள்ளே வரும் மின்னழுத்தம் 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் 5 வோல்ட்டை அதால் பிடித்துவைக்க முடியாது. அளக்கும்போது மீட்டரின் ஒயரே ஆர்.எஃப். பிடித்துப் பொய்யான எண்ணைக் காட்டலாம், அதனால் முனைகளுக்கு நடுவே ஒரு 10 நானோஃபாரட் வைத்து அளங்கள். 7805-இன் இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் அருகிலேயே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சப்ளை அசையவில்லையென்றால் ஆர்.எஃப். பெட்டிக்குள்ளேயே கசிகிறது. லாஜிக் பலகையைத் தனி உலோகப் பெட்டிக்கு மாற்றுவதுதான் வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பி.டி.டி. (டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யும்) கோடு தானாக 'ஆன்' ஆகி நின்றுவிடும் நிலையில் ஆன்டெனாவோடு சோதிக்காதீர்கள். பேண்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

## அறிகுறி 9: லாஜிக் பலகையை ஆன் செய்தால் ரிசீவரில் இரைச்சல்

முதலில் இரைச்சலின் குணம் என்ன என்று கேளுங்கள்.

ஒரே இடத்தில் நிற்கும் விசில் என்றால் கிளாக்கின் மடங்கு. 3.579545 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டிருந்தால் 7.159-இலும் 14.318-இலும் அது உங்களை வரவேற்கும், இரண்டுமே ஹாம் பேண்டுக்குள். இப்படிப்பட்ட சமயத்தில் மறைப்பும் வடிகட்டலும் செய்து மல்லுக்கட்டுவதைவிட கிரிஸ்டலையே மாற்றுவது சுலபம். கீயருக்கு மெகாஹெர்ட்ஸ் கிளாக்கே தேவையில்லை.

பேண்ட் முழுவதும் கரகரப்பு என்றால் அது டிஸ்பிளே ஸ்கேனிங். டிஸ்பிளேயை மட்டும் கழற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஆன்டெனாவைக் கழற்றி ஜாக்கில் 50 ஓம் மாட்டுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது காற்று வழியே ஆன்டெனாவில் ஏறுகிறது: உலோகப் பெட்டி, வெளியே வரும் ஒவ்வொரு ஒயரிலும் 1 நானோஃபாரட் ஃபீட்-த்ரூ கெபாசிட்டர். போகவில்லையென்றால் சப்ளை அல்லது கிரவுண்ட் வழியே வருகிறது. லாஜிக் பலகையைத் தனி பேட்டரியில் ஓட்டுங்கள். அடங்கினால் சப்ளைக் கோட்டில் ஒரு சோக்கும் அதன் இருபுறமும் கெபாசிட்டரும் போடுங்கள். அடங்காவிட்டால் கிரவுண்ட் ஒயர் ஓடும் பாதையை மாற்றி, இரண்டு பலகையும் சப்ளையில் ஒரே புள்ளியில் மட்டும் சேரும்படி செய்யுங்கள்.

ஐ.சி. குடும்பத்தையும் பாருங்கள். ஏ.சி. குடும்பத்தின் விளிம்பு மிகக் கூர்மை, அதன் மடங்குகள் வெகுதூரம் போகும். எச்.சி. போதுமான இடத்தில் ஏ.சி. போடாதீர்கள், 4000 வரிசை போதுமான இடத்தில் எச்.சி.யும் வேண்டாம்.

## அறிகுறி 10: லாஜிக் சரி, ரிலே மட்டும் இழுக்கவில்லை

எச்.சி. அவுட்புட் தன் மின்னழுத்த நிலையைக் காப்பாற்றிக்கொண்டு தருவது ஏறக்குறைய 4 மில்லிஆம்பியர். 70 ஓம் காயிலுள்ள 5 வோல்ட் ரிலே 70-க்கு மேல் கேட்கும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007 டயோடும் கட்டாயம். டயோடு இல்லாமல் பல தடவை ஓடிய பலகை என்றால் டிரான்சிஸ்டரையும் அதை ஓட்டிய ஐ.சி.யையும் இரண்டையும் சோதியுங்கள்.

## ஐ.சி. உண்மையிலேயே போய்விட்டதா?

மேலே உள்ளவை எல்லாம் பார்த்தாயிற்று என்றால் ஐ.சி.யைக் கழற்றி மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை ஐ.சி.யின் கிரவுண்ட் காலில், கறுப்பு முனை ஒவ்வொரு காலிலும். எச்.சி. ஐ.சி.யில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை, எல்லா இன்புட்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஒரு கால் மட்டும் திறந்தோ, பூஜ்யமோ காட்டினால் அந்த ஐ.சி. போய்விட்டது. அதே எண்ணுள்ள புது ஐ.சி.யைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் இருக்காது.

## எங்கே நிறுத்திக் கைமாற்ற வேண்டும்

சாக்கெட்டில் இருக்கும் ஐ.சி. வரை நீங்களே பார்க்கலாம். கம்பெனி ரிக்கின் (டிரான்ஸீவரின்) பல அடுக்குப் பலகையில் பொடிக் கால் ஐ.சி.யைக் கழற்ற வேண்டும் என்றால், சூடான காற்றுச் சாலிடர் கருவியில் பழகிய கை வேண்டும். ஒரு தடம் பெயர்ந்தால் செலவு பலமடங்காகும். வால்வு பெருக்கியின் சப்ளைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறக்காதீர்கள். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது, சுவிட்சை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். சிந்தசைசர் (அதிர்வெண்ணை உருவாக்கும் சர்க்யூட்) லாக் ஆகாமல் அதிர்வெண் அலைந்தால் டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவில் போடாமல், ஸ்பெக்ட்ரம் அனலைசர் உள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

கொண்டுபோகும்போது ஒவ்வொரு ஐ.சி.யின் வி.சி.சி. அளவு, டம்மி லோடில் என்ன ஆயிற்று, எதைக் கழற்றியபோது தொல்லை அடங்கியது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பலகையோடு கொடுத்துவிடுங்கள். மாற்றிய ஐ.சி.க்களையும் தூக்கிப் போடாமல் கூடவே கொடுங்கள். அவற்றில் பாதிக்கு மேல் நல்லவையாகவே இருக்கும்.